வேர்ப் புத்தகத்துக்கு நாற்பது நகல்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் ஜெராக்ஸ் மெஷினும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும்.

வியாழக்கிழமைப் பரீட்சைக்கு முன் நாற்பது புத்தகம் வரும் என்று வகுப்பில் வாக்குக் கொடுத்துவிட்டாய். வராது. திட்டுவதற்கு முன் முழுதாகப் படி. செடிகொடிகளின் வேர்களைப் பற்றி நீ அனுப்பிய வேர்ப் புத்தகத்தை மெஷினில் வைத்து, எண்ணிக்கை நாற்பது என்று அழுத்திவிட்டு, பைண்டிங்குக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தேனா, அடையாள அட்டையை நகலெடுக்க வந்த ஒரு ஒல்லி மனிதர், மெஷினிலிருந்து விழும் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இந்தப் படம் நான் போட்டதுங்க” என்றார்.

“நீங்க போட்டா என்ன, நான் போட்டா என்ன சார், மெஷினுக்கு எல்லாம் ஒண்ணுதான்” என்று வாயை விட்டேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. தன் அடையாள அட்டையைப் புத்தகத்தின் மேல் வைத்தார். இரண்டிலும் ஒரே பெயர்! “இந்த வேரை அறுந்துடாம தோண்டி எடுக்கப் பதினேழு நாள் ஆச்சு” என்றார். அம்மாடி! நான் ஒரு நொடியில தள்ளுற தாளுக்கு அடியில ஒரு மனுஷன் பதினேழு நாள் குழிக்குள்ள உட்கார்ந்திருக்கார்! இருபது வருஷமா மை சரியா விழுதான்னு பார்த்தேனே ஒழிய, எழுதினவர்னு ஒருத்தர் இருப்பார்னு எனக்குத் தோணவே இல்லை. டீச்சர்தானே நீ, நீயாவது சொல்லியிருக்கலாமே!

“வகுப்புக்கு வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துக் கொடுங்க, பரவாயில்லை. முழுசையும் அட்டை போட்டுக் கொடுக்கணும்னா எழுதினவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்” என்றார். வாயடிப்பதில் எனக்கு ஈடு யார்? ஆனால் ‘எடுக்கலாமா’ என்று அந்த ஒரு வார்த்தை கேட்க மட்டும் வாய் வரவில்லை. மெஷினை அணைத்தேன். பரீட்சைக்கு வேண்டிய மூன்றாம் பாடம் மட்டும் நாற்பது நகல் அனுப்புகிறேன். இனி முழுப் புத்தகம் கடவுளே கொண்டுவந்தாலும் எடுக்க மாட்டேன்.

உன் பிள்ளைகள் எல்லாரும் தேறட்டும். கோபம் வடிந்ததும் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டும்போது அவரே திரும்பி வந்துவிட்டார். முகத்தில் கூச்சம். “பதிப்பகத்தை மூடிட்டாங்க. உரிமை எனக்கே திரும்பி வந்துடுச்சு. ஆனா எங்கிட்ட ஒரு பிரதி கூட இல்லீங்க. முழுசா ஒண்ணு எடுத்துத் தருவீங்களா?” அதிசயத்தைப் பார்! உரிமை உள்ளவரிடம் புத்தகம் இல்லை, புத்தகம் உள்ள உன்னிடம் உரிமை இல்லை, இரண்டும் இல்லாத என்னிடம் மெஷின் இருக்கிறது. எண்ணிக்கையை ஒன்றாக மாற்றப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். “இதை வச்சு இன்னும் பாடம் நடத்துறாங்கன்னு இன்னைக்குத்தான் தெரியும். நாற்பது அப்படியே இருக்கட்டும், கூட ஒண்ணு போடுங்க” என்று சொல்லி, சம்மதத்தைக் கைப்பட எழுதியும் கொடுத்தார். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. பெரிய பையோடு வா.