ஐந்து கிலோவாட் மானம்

டூகல் அன்று மதியம் ஒரு தீர்மானத்தோடுதான் தூங்கப் போனார். துணி உலர்த்தும் டிரையர் என்ற பேச்சே இனி தன் வீட்டில் எழக்கூடாது.

தூங்கியது கட்டிலில் இல்லை, படகுக் கொட்டகையில். பிப்ரவரி முழுக்கப் படகை ரிப்பேர் பண்ணுவதாக மனைவி இஷ்பெல்லிடம் சொல்லிவந்தார். படகு இருந்தது உண்மைதான். அதற்குள் ஒரு மெத்தையும், பக்கத்தில் இரண்டு கிலோவாட் ஹீட்டரும் இருந்தன. அவை இஷ்பெல்லுக்குத் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை.

குளிரில் விழிப்பு வந்தது. ஹீட்டர் அணைந்து கிடந்தது. மீட்டரிலும் உயிரில்லை. மனிதர் அடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

பின்னே? ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கும் அந்தத் தீவுக்குக் கரையிலிருந்து மின்கம்பி கிடையாது. நாற்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து காற்றாலை, ஓடைத் தண்ணீர், பேட்டரி என்று தங்கள் மின்சாரத்தைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் ஐந்து கிலோவாட்தான். தாண்டினால் அந்த வீடு மட்டும் ட்ரிப் ஆகும். மறுபடி போட்டுவிட, சாவி வைத்திருக்கும் நாலு பேரில் ஒருவர் வரவேண்டும். வந்தவர் கையோடு படகுத்துறை டீக்கடைக் கரும்பலகையில் வீட்டுக்காரர் பெயரை எழுதிவிடுவார். மானம் கப்பலேறும் என்பார்களே, அங்கே அதற்கு வாரம் நாலு கப்பல்.

நாலு சாவிக்காரரில் டூகலும் ஒருவர். ஆனால் தன் வீட்டைத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. அந்த விதியை எழுதியதே அவர்தான். கெட்டில் கொதிக்கும்போது அடுப்பைத் தொடாதே என்று பதினோரு வருஷமாக ஊருக்கு உபதேசம் வேறு. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவரைத்தான் மின்சாரக் குழுவுக்குத் தலைவராகப் போடப்போகிறார்கள். அன்று புதன்.

சமையலறையில் இஷ்பெல் இரண்டு ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்து நிதானமாகப் பின்னிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாகக் காயாத படுக்கை விரிப்புகள் தலைக்கு மேலே சொட்டிக்கொண்டிருந்தன.

"கெட்டிலையும் அடுப்பையும் ஒண்ணாப் போட்டியா?" அதட்டலாகத்தான் ஆரம்பித்தார்.

"அடுப்பு மட்டும்தான் போட்டேன். ரொட்டி வெச்சிருக்கேன். அதுக்கு மூணு, ஃபிரிட்ஜுக்குக் கொஞ்சம். மீதி ரெண்டு எங்க போச்சுன்னுதான் எனக்கும் புரியலை."

டூகலுக்குப் புரிந்தது. இருமினார், விட்டத்தைப் பார்த்தார். விரிப்பு ஒன்று மூக்கில் சொட்டியது. வேறு வழியில்லாமல் ஹீட்டரை ஒப்புக்கொண்டார். அவள் பின்னலை நிறுத்தாமல் பார்த்த பார்வையில் மெத்தையையும் ஒப்புக்கொண்டார்.

இந்த வாரம் சாவி எஃபியின் முறை. எஃபிக்குத் தெரிந்தால் காற்றுக்கு முன்னால் சேதி போகும்.

"இஷ்பெல், நீதான் தெரியாமப் போட்டுட்டேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடேன். உனக்கென்ன, நீயா தலைவரா நிக்கறே?"

"சொல்லலாம். அப்புறம் நாப்பது வீடும் டூகல் பொண்டாட்டிக்குக் கணக்குக் கூட்டத் தெரியாதுன்னு சிரிக்கும். சிரிக்கட்டும். எனக்கு என்ன கிடைக்கும்?"

"என்ன வேணும்?"

"டிரையர்."

பேரம் பேசிப் பார்த்தார். காற்று நன்றாக அடிக்கிற நாளில் மட்டும் ஓட்டலாம் என்றார். இந்தத் தீவில் காற்று என்றைக்கு அடிக்காமல் இருந்தது என்று கேட்டாள். டிரையருக்குச் சரி என்றார். ஹீட்டர் சமையலறைக்கு வரவேண்டும் என்றாள், அதற்கும் சரி என்றார். எஃபிக்குப் போன் பண்ணக் கையை நீட்டினார்.

விளக்கு எரிந்தது. தானாகவே. ஃபிரிட்ஜும் உறுமத் தொடங்கியது.

ட்ரிப் ஆன வீடு தானாக உயிர் பெற்றதாகத் தீவில் சரித்திரமே கிடையாது. டூகல் திறந்த வாயை மூடுவதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது. எஃபி தலையை நீட்டினாள்.

"மன்னிச்சுக்கோங்க. அரை மணி நேரம்னு சொன்னேன், முக்கால் மணி ஆயிடுச்சு. பேட்டரி மாத்தறதுக்குத் தீவு முழுக்க நிறுத்த வேண்டியதாப் போச்சு. ரெண்டு மணிக்கே வீடு வீடாப் போன் பண்ணிட்டேனே."

டூகல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். தீவு முழுக்க. அவர் வீடு மட்டும் இல்லை. கரும்பலகையில் பெயர் ஏறாது. வெள்ளிக்கிழமை பிழைத்தது. கோபம் வரவேண்டிய இடத்திலும் நிம்மதிதான் வந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"நீங்க படகு வேலையில இருந்தீங்க. எழுப்ப மனசு வரலை."

ட்ரிப்பே ஆகாதபோது கொடுத்த வாக்கு எப்படிச் செல்லும்? டூகலுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "அப்போ அந்த டிரையர்..." என்று இழுத்தார்.

"வாசல்லதான் இருக்கு," என்றாள் எஃபி. "செவ்வாய்க்கிழமைக் கப்பல்ல வந்தது. இன்னிக்கு அவர் சம்மதிச்சுடுவார்னு போன்ல சொன்னியே இஷ்பெல், ஏத்திட்டு வந்துட்டேன். எங்க இறக்கட்டும்?"

"படகுக் கொட்டகையில," என்றாள் இஷ்பெல், பின்னலிலிருந்து தலை நிமிராமல். "அங்க ஒரு ப்ளக் பாயிண்ட் இப்பத்தான் காலியாச்சு."