களத்துமேட்டை மாடிக்கு ஏற்றிய கதை

பயிற்சி வகுப்பு என்றாலே எனக்கு அலுப்பு. நெஞ்சக நோய் மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலத்தில் பாதியை டாக்டர்களுக்கு டாக்டர்கள் பாடம் எடுக்கும் கூட்டங்களில் உட்கார்ந்தே கழித்திருப்பேன். பேசுபவருக்குத் தெரிந்தது கேட்பவருக்கும் தெரிந்திருக்கும். இருவருக்கும் தெரியாததை யாரும் பேச மாட்டார்கள். பிறகு சாப்பாடு. இதில் ஒன்றையாவது உருப்படியாக நடத்திக் காட்டுகிறேன் என்று இளமையில் ஒருமுறை கிளம்பினேன். நாற்பது நுரையீரல் டாக்டர்களை ஒரே நேரத்தில் இரும வைத்ததுதான் மிச்சம்.

அப்போது தஞ்சாவூரில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். நாற்றுக்கட்டும் நெல் மூட்டையும் தூக்கிய குடும்பத்தில் ஸ்டெதாஸ்கோப்பைத் தூக்கிய முதல் ஆள் நான்தான். (அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே பஸ்ஸில் போவேன். யாராவது மயங்கி விழுந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்ததுண்டு.) தூசியால் வரும் நுரையீரல் நோய் பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லி டாக்டர்கள் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. சிறப்பு விருந்தினர் சென்னையிலிருந்து வரும் ஒரு பெரிய பேராசிரியர்.

அதற்குத் தோதாக என்னிடம் ஒரு நோயாளி இருந்தார். நன்னிலம் பக்கத்து முருகையன். என் அப்பாவோடு சேர்ந்து கதிர் அடித்தவர். எனக்கு மாமா முறை. ஒவ்வொரு அறுப்பின்போதும் அவருக்கு மூச்சு வாங்கும், சாயங்காலம் காய்ச்சல் அடிக்கும். அறுப்பு முடிந்தால் தானாகச் சரியாகிவிடும். அந்த வருடம் ஊரில் கூலித் தகராறு. விவசாயத் தொழிலாளர் சங்கக் கொடியைப் பிடித்து முன்னால் போனவர் இவர். தகராறு ஒருவழியாகப் பேசி முடிந்ததும், மிராசுதாரின் ஏஜெண்டு எல்லோரையும் களத்துக்குள் விட்டார். முருகையனை மட்டும் விடவில்லை.

"ஒனக்கு டி.பி., மத்தவனுக்கும் ஒட்டிக்கும், களத்துப் பக்கம் வராதேங்கறான் தம்பி. கொடி புடிச்சதுக்குத்தான் இதுன்னு எனக்குத் தெரியாதா? டி.பி. இல்லேன்னு ஒரு கடுதாசி குடுத்துடுங்க, நான் எறங்கி வேலையப் பாக்குறேன்" என்றார்.

மூன்று முறை சளியைச் சோதித்தும் கிருமி இல்லை. எழுதிக் கொடுத்தேன். ஏஜெண்டு அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லையாம். "நம்ம களத்துல கதிரடிச்சவன் மவன் எழுதுறதெல்லாம் ஒரு கடுதாசியா?" என்று கேட்டாராம். எனக்குச் சுருக்கென்று தைத்தது. பேராசிரியரிடமே காட்டி அவர் கையெழுத்தை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். முருகையனைக் கூட்டத்துக்கு அழைத்துப்போய், பேராசிரியரைப் பார்க்க வைத்து, கையெழுத்து வாங்கி வந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். எனக்கு அது போதவில்லை. வருகிறவர்கள் களத்துமேட்டையே பார்த்திராதவர்கள், படம் காட்டினால் தூசி தெரியுமா, நேரிலேயே காட்டிவிடுவோம் என்று தோன்றியது.

"மாமா, மழையில நனஞ்சுதே ஒரு வைக்கப்போர், அதுலேர்ந்து ரெண்டு கட்டு கொண்டாங்க."

"அது பூசணம் புடிச்சுக் கெடக்கு தம்பி. தொட்டாலே பொகையும். வாயால சொன்னா அவங்களுக்குப் புரியாதா?"

"கொண்டாங்க மாமா. எனக்குத் தெரியும்."

உண்மையிலேயே எனக்குத் தெரியும். பூசணம் பிடித்த வைக்கோல் தூசியை மூடிய இடத்தில் சுவாசிப்பதுதான் இந்த நோய்க்குக் காரணம் என்று முதல் ஸ்லைடிலேயே எழுதியிருந்தேன். எழுதிவிட்டு, அதே வைக்கோலை ஓட்டல் மாடி அரங்கத்துக்கு நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்லைடு தெரிய இருட்டு வேண்டுமே என்று ஜன்னல்களை முந்தைய நாளே சாத்தி, கறுப்புத் துணியை ஆணி வைத்து அடித்திருந்தேன். மின்விசிறிகள் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை. (ஸ்லைடு மிஷின் ஓட்ட வந்தவருக்கும் ஒன்று போர்த்தினார்கள்.) என் அரை மணி நேரம் பத்து நிமிடமாகச் சுருங்கியது. பதறிப்போய் ஸ்லைடுகளை எல்லாம் விட்டுவிட்டு, "மாமா, களத்துல அடிக்கிற மாதிரியே அடிங்க" என்றேன்.

முருகையன் தோள் துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்து இறுகக் கட்டினார். என்னை ஒருமுறை பார்த்தார். கட்டைத் தலைக்கு மேல் தூக்கி, மேடையில் கிடந்த பெஞ்சின் மீது ஓங்கி அடித்தார். சாம்பல் நிறத்தில் ஒரு புகை எழுந்தது. முன்வரிசையில் பேராசிரியர் தும்மினார். அங்கேயாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். "இன்னும் ரெண்டு அடி மாமா, பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியல" என்றேன்.

மீதியை மின்விசிறி பார்த்துக்கொண்டது. இருட்டில் நாற்பது பேரும் இருமினார்கள். கறுப்புத் துணியைப் பிய்க்கப் பார்த்தால் வரவில்லை, அவ்வளவு நன்றாக அடித்திருந்தேன். ஆஸ்துமாவைப் பற்றி அடுத்துப் பேச வேண்டியவர், யாரிடமாவது பம்ப் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே படியிறங்கினார். தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து சப்ளையர் ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்து, வைக்கோல் மேல் ஊற்றுவதாகச் சங்கத் தலைவரின் பொன்னாடை மேல் ஊற்றினார். எல்லாம் அடங்கியபோது முருகையன் மட்டும் துண்டோடு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பொகையும்னு சொன்னனே தம்பி" என்றார்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கிற பகுதி. துண்டு அவரைப் பெரிதாகக் காப்பாற்றவில்லை. சாயங்காலம், வழக்கமான நேரத்துக்கு, அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு இழுத்தது. வார்டில் சேர்த்து ஆக்சிஜன் வைத்தேன். பாடம் நடத்தும் ஆசையில், நோயாளி என்று அழைத்துப் போனவருக்கு நோயைக் கொடுத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

தொண்டை கட்டிய பேராசிரியர் வார்டுக்கே வந்தார். முருகையனின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வெகுநேரம் வைத்துக் கேட்டார். எக்ஸ்ரேயையும் சளி ரிப்போர்ட்டையும் பார்த்தார். "பாடம் நல்லாப் புரிஞ்சுது டாக்டர். எங்களோட நிறுத்தியிருக்கலாம், இவரை விட்டிருக்கலாம்" என்று கரகரத்த குரலில் சொன்னார். கேட்டபடி கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் முருகையன் தெளிந்து எழுந்து உட்கார்ந்தார். கடிதத்தைத் தமிழில் பெருமையாக வாசித்துக் காட்டினேன். இவருக்கு டி.பி. இல்லை. இது யாருக்கும் ஒட்டாது. நோய்க்குக் காரணம் வைக்கோல் தூசி. ஆகவே இனி இவர் களத்துப் பக்கமே போகக் கூடாது.

அவர் கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதத்தான தம்பி ஏஜெண்டும் சொன்னான்?"

 அவர் கேள்விக்கு நல்லவேளையாக விவசாயச் சங்கத்துக்காரர்களிடம் பதில் இருந்தது. ஒட்டாத நோய்க்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்த முடியாது, களம் ஆகாதென்றால் வேறு வேலை கொடு என்று அதே கடிதத்தை வைத்துச் சண்டை போட்டு, அவருக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலையை வாங்கிக் கொடுத்தார்கள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வெகு காலம் வாய்க்காலோரம் நடந்தார். அடுத்த வருடம் என் கல்யாணத்துக்கு வந்தவர், சாப்பாட்டுப் பந்தியில் என் மனைவி ராணியிடம் முழுக் கதையையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் ஊரைச் சுற்றிவந்து பழைய இடத்திலேயே நின்றாலும் மாமாவின் அந்த வாக்கியம்தான். போன மாதம் எனக்கு முழங்கால் வலி. ஸ்கேன் எடுத்து, ரத்தம் சோதித்து, மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் ராணி.

"எடையக் குறைக்கணுமாம். மாடிப்படி ஏறக் கூடாதாம்."

அதை அவள் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"இதத்தான ஏஜெண்டும் சொன்னான்?"