கொச்சங்காடியில் ஒரு மலை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கரடுமுரடான மலைச்சரிவில் ரேடார் அலை பட்டால் எப்படிச் சிதறும் என்பதுதான் என் பிஎச்.டி. அந்த ஐந்து வருடத்தில் நான் ஒரு மலையிலும் கால் வைத்ததில்லை. மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவளுக்கு மேடு என்றால் வேகத்தடைதான். (சிரிக்காதீர்கள். சூரியனை ஆராய்கிறவர்கள் அங்கே போய்விட்டு வந்தா ஆராய்கிறார்கள்?)

அலை எந்தக் கோணத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்று சொல்ல, கணினியில் ஒரு கணித மாதிரி செய்திருந்தேன். அது சொல்வது நிஜம்தான் என்று சோதித்துக் காட்டினால்தான் கைடு கையெழுத்துப் போடுவார். இன்னும் இரண்டே மாதத்தில் என் உதவித்தொகையும் முடிகிறது. கையெழுத்து கிடைக்காவிட்டால் ஐந்து வருடமும் அம்போ. கல்லூரியில் இடம் கிடைக்காததால், கொச்சங்காடியில் அப்பா சுக்கு மூட்டை அடுக்கும் கோடவுனைப் பிடித்தேன். பிரியாணி கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி மேஜை மேல் ஒரு மலை. எதிரே இரவல் வாங்கிய சின்ன ரேடார்.

முதல் வாரம் மாதிரியும் அளவும் பொருந்தவில்லை. மாதிரியில் கரடுமுரடைக் கொஞ்சம் கூட்டினேன், கொஞ்சம் குறைத்தேன். பொருந்திவிட்டது. எந்த ஜாதகமும் அப்படிப் பொருந்தியதில்லை. நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

கைடு வந்தார். திருநெல்வேலிக்காரர், அதிர்ந்து பேசாதவர். திரையில் மலையின் எதிரொலியைக் காட்டி நான் அளந்துகொண்டிருந்தபோது வாசலில் லாரி வந்து நின்றது. மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர்களின் தலைவர் கபீர் இக்கா, மேஜைக்குப் பின்னால் சுவர் வரை அடுக்கியிருந்த சுக்கு மூட்டைகளை நோக்கி வந்தார்.

"இக்கா, ஒரு மணிக்கூர் பொறுக்கக்கூடாதா?" என்றேன்.

"லாரி நிக்காது மோளே. நீ படிச்சுக்கோ, நாங்க ஒச்ச வைக்க மாட்டோம்."

சொன்னபடி சத்தமே போடவில்லை. முதல் மூட்டை தலையில் ஏறியது. திரையில் சிகரம் கொஞ்சம் இறங்கியது. பத்தாவது மூட்டையில் மலை குன்றாகிவிட்டது.

கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஏம்மா, மலை மேஜை மேலதான இருக்கு?"

"இருக்கு சார்."

"அப்ப திரையில எங்க போவுது?"

வாசலைப் பார்த்தேன். "லாரியில ஏறுது சார்."

நடந்தது இதுதான். ரேடாரையும் ஆன்டெனாவையும் இணைக்கும் ஒயரின் நீளத்தை, மலை இருக்கும் தூரத்தோடு கருவியில் ஒரு முறை சேர்த்திருந்தேன். அதை மறந்து நிரலிலும் ஒரு முறை சேர்த்துவிட்டேன். ஆக, மேஜையைத் தாண்டிப் பின்னால் இருப்பதன் எதிரொலியை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரமாக நான் ஆராய்ந்தது சுக்கு.

அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

"சார், என் மாதிரி தப்பில்ல. மூட்டைக்குச் சரியாத்தான் சொல்லியிருக்கு. நான்தான் அத மலைன்னு நெனச்சேன்."

"கரடுமுரடக் கூட்டிக் குறைச்சு நீதானம்மா பொருத்துன?" என்றார் மெதுவாக.

அந்த நேரம் பார்த்து அப்பா, "சாருக்கு ஒரு சாயா எடுக்கட்டா?" என்றார். கைடு கையெழுத்துப் போடாமல் சாயாவை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

உதவித்தொகை நின்றது. விட்டுவிடு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். ஒயர் கணக்கைத் திருத்தினேன். அலுமினிய மலையின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து, ஒரு புள்ளியும் கூட்டாமல் குறைக்காமல் மாதிரியில் கொடுத்தேன். நாலு மாதம் ஆனது. பொருந்தியது. கையெழுத்து கிடைத்தது, பட்டமும் கிடைத்தது. (கதையின் இந்தப் பகுதியை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.)

கோடவுனில் இன்றும் ஓர் அடுக்கு மூட்டைக்கு மலை என்றுதான் பெயர். லாரி வந்தால் கபீர் இக்கா தவறாமல் எனக்குப் போன் போடுகிறார்.

"டாக்டர் மோளே, மலைய எடுக்கட்டா?"

"எடுத்துக்கோங்க இக்கா," என்பேன். "எங்கிட்ட வேற இருக்கு."