மூத்த மாப்பிள்ளையும் மாமனார் குடையும்

மண்ணச்சநல்லூர்
11-5-1962

ஸ்ரீரங்கத்தில் இளைப்பாறும் மாமா அவர்களுக்கு, மூத்த மாப்பிள்ளை காத்தமுத்து பணிந்து எழுதுவது. இங்கே உங்கள் மகள்கள், பேரப்பிள்ளைகள், அரிசி மில் எல்லாம் சுகம். என் முகம் மட்டும் சுகமில்லை.

சகலை ரத்தினவேலுக்குக் காலில் கட்டி வந்ததும், பாலக்கரை டாக்டர் ஏதோ புது மாத்திரை கொடுத்ததும் தாங்கள் அறிந்ததே. அது முடியும்வரை வெயிலே படக்கூடாதாம். அன்று முதல் அவன் மில் ஆபீஸில் ஃபேனுக்கு அடியில் மோர் குடிக்கிறான், நான் அவித்த நெல்லோடு களத்தில் காய்கிறேன். அதைக்கூடப் பொறுத்தேன். ஆனால் எட்டு வருஷமாக என்னைத் தொடவிடாத அந்தப் பிரம்புப் பிடிக் குடையை அவனுக்குக் கொடுத்தனுப்பினீர்களே, அதில்தான் என் வயிறு எரிந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், பொறாமைதான். பங்குனியில் எனக்கும் முதுகில் கட்டி வந்தது. யாராவது ஒரு பனையோலை விசிறியாவது கொடுத்தீர்களா?

ஆகவே அவன் சீசாவிலிருந்து நாலு மாத்திரை எடுத்து இரண்டு நாளில் விழுங்கினேன். எனக்கும் வெயில் ஆகாது என்று ஆபீஸில் போய் உட்காருவதாகத் திட்டம். விழுங்கிய பிறகுதான் உறைத்தது, காரணம் சொன்னால் திருட்டு வெளிப்பட்டுவிடும். வாயை மூடிக்கொண்டு களத்துக்கே போனேன். மாலைக்குள் முகமும் கழுத்தும் நெருப்புப் பட்டதுபோல் சிவந்து, மறுநாள் கொப்புளம். உங்கள் மகள் ரெங்கம்மாள் போட்ட அலறலில் உண்மையைக் கக்கினேன். ரத்தினவேல்தான் பஸ் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனான்.

"ஒருத்தருக்குக் கொடுத்த மருந்த இன்னொருத்தர் சாப்பிடலாமாங்க? இது என்ன பெப்பர்மின்ட்டா?" என்று டாக்டர் எல்லார் முன்னாலும் கேட்டார். "பத்து மணிக்கு மேல நாலு மணி வரைக்கும் வெளியில தலைகாட்டாதீங்க. முழுக்கைச் சட்டை போடுங்க. மாத்திரைய நிறுத்தினாலும் கொஞ்ச நாளைக்கு இதே பத்தியந்தான்."

ஆகையால் தாங்கள் நேரில் வந்து, குடை மூத்தவனுக்கா இளையவனுக்கா என்று தீர்த்துவைக்க வேண்டும். தவறினால் குடும்பத்தோடு மன்னார்புரம் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன், வெயில் தாழ்ந்த பிறகு.

அத்தைக்கு என் வணக்கம். குழந்தைகளுக்குத் தங்கள் ஆசி வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மூத்த மாப்பிள்ளை (மூத்த என்பதைக் கவனிக்கவும்)
காத்தமுத்து

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது ரத்தினவேல் வந்து நின்றான். அவன் கழுத்தும் காதும் சிவந்திருக்கின்றன. கேட்டதற்கு, "அன்னிக்கு பஸ்ஸ விட்டு எறங்கினதுலேருந்து குடைய உங்களுக்குத்தானே அண்ணே புடிச்சேன்" என்கிறான். அவன் மாத்திரை இன்னும் முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது மாமா. மேலே எழுதியதைக் கிழித்துப்போடுங்கள். இப்போது மாப்பிள்ளைகள் இருவரும் ஆபீஸில், களத்தில் ரெங்கம்மாள். அவனுக்கு உடனே ஒரு நல்ல புதுக் குடையாக வாங்கி அனுப்புங்கள். தங்கள் குடை என்னிடமே இருக்கட்டும்.