நாகம்மன் ஊற்றில் நான் பொங்க வைத்த பால்

வாய் திறக்க வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதில் எனக்கு ஈடு யாருமில்லை. அதைச் சாமி சன்னிதியிலேயே நிரூபித்திருக்கிறேன்.

எனக்குக் கல்யாணமான முதல் வருடம். மாமியார் வீட்டாரோடு மலாக்காவிலிருந்து கிளம்பினோம். டுரியான் துங்கால் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் நாகம்மன் கோயிலுக்குப் பயணம். புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டு அங்குள்ள ஊற்றுநீரைக் குடித்தால் சுகப்பிரசவம் ஆகும் என்பது நம்பிக்கை. என் மனைவியின் தங்கை தேவிக்கு அப்போது எட்டாம் மாதம்.

வழியில் டயர் பஞ்சர். ("நானே மாத்துறேன், வொர்க்‌ஷாப்லாம் எதுக்குலா?" என்று மார்தட்டியது நான்தான்.) கோயிலை அடைந்தபோது முழங்கை வரை கறுப்பு கிரீஸ். அந்தக் கையால் பால் செம்பைத் தொட முடியுமா? அன்னதானப் பாத்திரம் கழுவ மாமியார் கொண்டுவந்திருந்த சோப்பு போத்தலை எடுத்துக்கொண்டு புற்றுக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏறினேன். ஆளில்லாத சின்னக் குழி, தெளிந்த தண்ணீர். அரைப் போத்தலைக் காலி செய்து நிம்மதியாகக் கழுவினேன்.

கீழே பக்தர்கள் வரிசையில் நின்று மொண்டு குடிக்கும் தொட்டிக்குத் தண்ணீர் புறப்படும் ஊற்றுக்கண்ணே அதுதான் என்பது எனக்குத் தெரியாது.

இறங்கி வந்தால் தொட்டியில் வெள்ளை வெளேரென்று நுரை.

"ஆத்தா பால் பொங்குறா!" என்று ஓர் அக்கா அலறினார். வரிசை மொத்தமும் தரையில் விழுந்து கும்பிட்டது. நுரையை அள்ளித் தலையில் தடவிக்கொண்டார்கள். மாமியார் கண்ணீரோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, நீங்க வந்த ராசி!"

நானும் கும்பிட்டேன். (ஆமாம், கும்பிட்டேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.)

மாமியார் செம்பு நிறைய மொண்டு தேவியிடம் நீட்டினார். "ஒரே மூச்சுல குடிச்சிரும்மா."

செம்பு அவள் உதட்டருகே போய்விட்டது.

"குடிக்காத தேவி! அது சோப்பு! நான்தான் மேல கை கழுவினேன்!"

பூசாரி ஒரு விரல் நுரையை முகர்ந்து, "எலுமிச்சை," என்றார். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "அதான் கண்ணு எரியுது!" என்று கத்தினார். மனைவி என்னைத் தெரியாதவள்போல் தள்ளி நின்றாள். மாமியார் நெற்றியில் வழிந்த நுரையை முந்தானையால் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பூசாரி ஒரு வாளியை என் கையில் கொடுத்தார். பக்தர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சாயங்காலம் வரை இறைத்தேன். தண்ணீர் தெளிந்த பிறகுதான் தேவி குடித்தாள். பெண் குழந்தை, சுகப்பிரசவம்.

இன்றும் மாமியார் வீட்டில் தைப்பொங்கலன்று பானையில் பால் பொங்கி வரும்போது எல்லோரும் முதலில் என் கையைப் பார்க்கிறார்கள். அதற்கப்புறம்தான் "பொங்கலோ பொங்கல்!"