நனைந்த ஏலக்காய்க்கு இங்கிலீஷில் விளக்கம்

பாசமுள்ள மச்சான் ராக்கையா அவர்களுக்கு,

போடியிலிருந்து காசிராஜன் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். சிலமலையில் நீங்களும் பிள்ளைகளும் மாடு கன்றுகளும் சுகமாயிருக்க முருகன் துணை.

பதினைந்து நாளுக்கு முன் எஸ்டேட்டிலிருந்து ஏலக்காய் லோடோடு ஜீப்பில் இறங்கினேன். போடிமெட்டு வளைவில் பிடித்த மழையில் நாலு மூட்டை நனைந்துவிட்டது. இருபது வருஷ சூப்பர்வைசர் என்றுகூடப் பார்க்காமல் புது மேனேஜர் இங்கிலீஷில் விளக்கம் கேட்டார். சரியாக எழுதாவிட்டால் வேலை போய்விடும் என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மூட்டையில் அடிக்கும் மார்க்கு மட்டும்தான். உங்கள் தங்கச்சி மகாராணி பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் படிக்கிறாளே, அவளிடம் போனேன்.

நான் சொன்னதை வைத்து முதலில் மூன்று வாக்கியம் எழுதினாள். தார்ப்பாய் கிழிந்தது. மழை பெய்தது. ஏலக்காய் நனைந்தது. ஒவ்வொன்றும் சிம்பிளாம். எனக்கு அதுவே பிடித்திருந்தது, ஏனென்றால் மூன்றிலும் நான் இல்லை. அவளுக்கு மனசு ஆறவில்லை. நடுவில் ‘அண்ட்’ போட்டு இணைத்து, இது காம்பவுண்டு என்றாள். வீட்டைச் சுற்றிய சுவரைத்தான் நான் அப்படிச் சொல்லிப் பழக்கம். இருந்தும் தலையாட்டினேன், அதிலும் நான் இல்லையே. அப்புறம் ‘பிகாஸ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தாள். தார்ப்பாய் கிழிந்திருந்ததை நான் பார்க்காததால் ஏலக்காய் நனைந்தது. இதுதான் காம்ப்ளெக்ஸாம். பரீட்சையில் இதற்குத்தான் மார்க்காம்.

“என்னைய எதுக்கு புள்ள உள்ள இழுக்குற?” என்றேன்.

“காரணம் இல்லாம பிகாஸ் வராதுங்க. நீங்க பாக்கலேல்ல?”

அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேனேஜர் இரண்டு தரம் வாசித்தார். “தப்பில்லாம எழுதியிருக்கீங்க. தப்பையும் ஒத்துக்கிட்டீங்க” என்று பத்து நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். எழுதியது யார் என்று விசாரித்து, ஆபீசில் கடிதம் எழுத மகாராணியை வேலைக்கு வைத்துக்கொண்டார். இப்போ அவ வெள்ளனவே பஸ்சுக்குப் போயிர்றா, நான் ரசம் வச்சுக்கிட்டு கெடக்குறேன். கோபப்படலாம் என்றுதான் பார்த்தேன் மச்சான், ஆனாலும் அவள் பஸ் ஏறுகிறதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
காசிராஜன்

பின்குறிப்பு: தார்ப்பாய் கிழியவில்லை. அன்றைக்கு அது ஜீப்பிலேயே இல்லை. உங்கள் மகள் காதுகுத்துப் பந்தலுக்கு நான் யாருக்கும் சொல்லாமல் கொடுத்துவிட்டேனே, அதுதான். மகாராணிக்கும் தெரியாது; போனில் பேசினால் அக்கம்பக்கத்தார் காதில் விழுந்து அவளுக்குப் போய்விடும் என்றுதான் கடிதம். வெரசா கொடுத்துவிடுங்க. மறக்காம ஒரு ஓரத்துல கிழிச்சு.