ஏழாம் வளைவுக்கு ஏற்ற டயர்

டயரின் பள்ளத்துக்குள் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை விட்டுப் பார்த்த அமல்தாஸ், திருப்திப்படாமல் உதட்டைப் பிதுக்கினார்.

“இன்னும் ஆழமா வேணும்,” என்றார்.

“அங்கிள், இது டயர், கிணறு இல்ல,” என்றான் லிங்கேஸ்வரன். கேமரன் மலையில், ரிங்லெட் ஊரில் டயர் கடை வைத்திருப்பவன். காலை எட்டு மணிக்குக் கடையைத் திறந்ததும் வந்து உட்கார்ந்த அமல்தாஸ், பத்தாகியும் கிளம்பவில்லை. சகதி டயர் ஒவ்வொன்றையும் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க லேண்ட்ரோவருக்கு இந்த ஒல்லி டயருதான் சரி லா. சகதிய அறுத்துக்கிட்டு உள்ள போயி, கீழ கெட்டி மண்ணப் பிடிக்கும்.”

“ஒல்லியா? அப்ப துரை போட்டுக் குடுத்ததும் ஒல்லிதான். அதாலதான் என் பேரு போச்சு.”

பேர் போன கதை ரிங்லெட் முழுக்கத் தெரியும். நாற்பது வருஷத்துக்கு முன் தேயிலைத் தோட்டத்தில் அவர் டிரைவர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்ததும் கொழுந்து பறிக்கிற பெண்களை இதே லேண்ட்ரோவரில் ஏற்றிக்கொண்டு மேல் டிவிஷனுக்குப் போக வேண்டும். மலைப்பாதையில் ஏழாம் வளைவு வரை ராஜா மாதிரி போகிற வண்டி, அங்கே போனதும் சகதியில் உட்கார்ந்துவிடும். வாரத்தில் மூன்று நாளாவது இந்தக் கூத்து நடக்கும். துரை கத்துவார், கணக்கெழுதுகிற கிராணி சிரிப்பார், கங்காணி தலையில் அடித்துக்கொள்வார். ஞானஸ்நானத்தில் வைத்த அமல்தாஸ் என்ற பெயர் மறைந்து, சகதிதாஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது. துரை ஊருக்குத் திரும்பும்போது கை குலுக்கி, “குட்பை, சகதிதாஸ்,” என்று சொல்லிவிட்டுத்தான் கார் ஏறினார்.

மேல் டிவிஷனில் ஆட்கள் குடியிருந்த லயங்களை மூடி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. இப்போது அங்கே மிச்சம் இருப்பது சின்ன மாதா கோயில் ஒன்றுதான். வருஷத்துக்கு ஒருமுறை, மாதா திருநாள் அன்று, பழைய ஆட்கள் எங்கெங்கோ இருந்து வந்து கூடுவார்கள். இத்தனை வருஷமும் தோட்டத்து வண்டிதான் அவர்களை மேலே கொண்டுபோய் விட்டது. இந்த வருஷம் அந்த வண்டி பழுது. மேனேஜர் அமல்தாஸைக் கூப்பிட்டு, “உங்க வண்டியில கொண்டுபோங்க, கேட்டத் தொறந்து விடச் சொல்றேன்,” என்றார்.

தோட்டம் கழித்துக் கட்டியபோது அமல்தாஸ் ஆசைப்பட்டு வாங்கிய பழைய லேண்ட்ரோவருக்கு இப்படி ஒரு மரியாதை வரும் என்று யார் நினைத்தது? அன்றைக்கே அவர் கிள்ளானில் மகன் வீட்டில் இருக்கிற காளியம்மாவுக்குப் போன் போட்டார். அந்தக் காலத்துக் கொழுந்து கேங்கில் அவள்தான் மூத்தவள். இந்துவாக இருந்தாலும் மாதா திருநாளுக்கு ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

“இந்தத் தடவ ஏழாம் வளைவுல ஒருத்தரும் எறங்கித் தள்ள வேணாம்க்கா. அதுக்கு நான் பொறுப்பு.”

“அப்படியா தம்பி,” என்றாள் காளியம்மா. அவள் குரலில் அவர் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை.

வீட்டில் மனைவி தெரசம்மாளும் அதே ரகம். “இருக்குற டயரே போதும்ங்க,” என்றாள்.

“டயரப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. ஆனா அது மேல பழி போடாதீங்க. பாவம்.”

டயருக்குப் பாவம் பார்க்கிற மனைவியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி முன்னேறுவது என்று நினைத்துக்கொண்டுதான் அவர் கடைக்கு வந்திருந்தார். கடைசியில் இருப்பதிலேயே அகலமான, உயரமான, பல் பல்லாகக் கட்டை வைத்த டயர் நாலைத் தேர்ந்தெடுத்தார்.

“அங்கிள், உரசும்,” என்றான் லிங்கேஸ்வரன்.

“பழகிடும்,” என்றார் அமல்தாஸ்.

பழகவில்லை. ஏரிக்கரை தாண்டி முதல் கொண்டை வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்ததும், டயர் மட்கார்டில் மோதிக் கறகறவென்று அலறியது. முழுசாகத் திரும்பாது. முன்னே, பின்னே, மறுபடி முன்னே என்று ஒரு வளைவுக்கு மூன்று தவணை தேவைப்பட்டது. நாலாவது வளைவுக்குள் பின்னால் திரிங்காப் ஊர்க் காய்கறி லோரிகள் வரிசை கட்டிவிட்டன. ஒரு லோரிக்காரன் தலையை நீட்டி, “அங்கிள், முட்டைக்கோசு வாடுது,” என்றான்.

மறுநாள் பட்டறைக்காரன் தர்மாவிடம் போனார். “ஒசத்திடலாம்,” என்றான் தர்மா. ஸ்பிரிங்குக்கு அடியில் இரும்பு வைத்து வண்டியை அரை அடி உயர்த்தினான். உரசல் நின்றது. அமல்தாஸ் தோட்டத்தையே வாங்கியவர் போல வீடு வந்து, “ஏறு, ஒரு ரவுண்டு போலாம்,” என்று மனைவியைக் கூப்பிட்டார்.

தெரசம்மாள் வண்டியைப் பார்த்தாள். தன் முட்டியைப் பார்த்தாள். “ஏணி எங்கங்க?” என்றாள்.

ஏணி இல்லை, பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதில் கால் வைத்து வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தால் ஸ்டூல் கீழேயே நின்றுவிடும். அதற்கும் அமல்தாஸ் வழி கண்டுபிடித்தார். ஸ்டூல் காலில் ஒரு கயிறு கட்டி, மேலே ஏறியதும் தூக்கிக்கொள்ளச் சொன்னார். தெரசம்மாள் ஒரு முறை தூக்கினாள். ஸ்டூல் சுழன்று வந்து கண்ணாடியில் பட்டு, கண்ணாடி கீறியது. “நான் நடந்தே மாதாவப் பாத்துக்கறேன்,” என்று இறங்கிவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். அன்று மாலை வண்டியை வீட்டு முன்னால் தகரக் கூரை போட்ட போர்ச்சுக்குள் விட்டபோது மேலே ஏதோ லேசாகச் சுரண்டியது. அவர் பொருட்படுத்தவில்லை. காலையில், சகதி டயருக்குக் காற்றுக் குறைவாக இருக்கக் கூடாது என்று தாமாகவே முடிவு கட்டி, நாலு டயருக்கும் கல் மாதிரி காற்று அடித்தார். வண்டி கம்பீரமாக எழுந்து நின்றது. எழுந்த வேகத்தில் அதன் மேல்கம்பி போர்ச்சின் உத்தரத்தில் போய் முட்டிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

“காத்த எறக்கிட்டா வந்துடும்,” என்று காற்றை இறக்கினார். கொஞ்சம் அதிகமாக இறக்கிவிட்டார். வெளியே எடுக்க ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்று, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, தகரக் கூரையில் ஒரு தாள் பெயர்ந்து தெரசம்மாளின் சவ்சவ் பந்தல் மேல் விழுந்தது.

பத்து மணிக்கெல்லாம் சேதி ரிங்லெட்டை எட்டிவிட்டது. சகதிதாஸ் சிமெண்டுத் தரையிலேயே மாட்டிக்கொண்டார்.

அமல்தாஸ் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வரும் போல இருந்தது. “ஒரே ஒரு தடவ, அந்த வளைவ நிக்காமத் தாண்டணும். காளியம்மாக்கா பாக்கணும். அவ்வளவுதான் கேட்டேன்,” என்றார்.

தெரசம்மாள் ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்து, “லிங்கேஸ்வரனக் கூப்பிடுங்க,” என்று மட்டும் சொன்னாள்.

லிங்கேஸ்வரன் ஒல்லியான சகதி டயர் நாலோடு வந்தான். தர்மா வந்து ஸ்பிரிங்கைப் பழையபடி இறக்கினான். “மொத நாளே சொன்னேன் லா,” என்று இருவரும் சொன்னார்கள். தர்மா சொன்னது பொய். ஆனால் அதைக் கேட்கிற நிலையில் அமல்தாஸ் இல்லை.

திருநாளுக்கு முன் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. கம்போங் ராஜா வரைக்கும் காய்கறித் தோட்டக்காரர்கள் எல்லாரும் வானத்தைத் திட்டிக்கொண்டிருக்க, கேமரன் மலையில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் அமல்தாஸ்தான். சகதி இருந்தால்தானே சகதி டயருக்கு மரியாதை.

அன்று காலை மழை விட்டிருந்தது. முன் சீட்டில் தெரசம்மாள். பின்னால் காளியம்மாவும் பழைய கேங்குப் பெண்கள் ஆறு பேரும், மடியில் பூவும் மெழுகுவத்தியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கேட் திறந்தது. பனிக்குள் தேயிலைச் சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பேச்சும் கூடவே ஏறியது.

“இங்கதான சின்னக்கருப்பன் வீடு?”

“வீடு எங்க இருக்கு, பெரணிச் செடிதான் இருக்கு.”

“ராமையா மாடு கட்டுன மரம் நிக்குது பாரு.”

அமல்தாஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தப் பேச்சு, இந்தக் கொழுந்து வாசம், பின்னால் வளையல் சத்தம். எல்லாம் அன்று போலவே இருந்தன. அந்த நாட்களில் வண்டி மாட்டிக்கொண்டால் பெண்கள் இறங்குவார்கள். தள்ளுகிற மாதிரி கொஞ்சம் தள்ளுவார்கள். பிறகு கூடையிலிருந்து ரொட்டியும் பிளாஸ்க்கும் வெளியே வரும். பாட்டு, கேலி, சிரிப்பு என்று அரைமணி நேரம் போகும். அவர் மட்டும் காது சுட, தலை குனிந்து நிற்பார். அப்போது ஒரு பெண், அதிகம் பேசாதவள், பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி அவரிடம் நீட்டுவாள். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் இனிக்கிறது. அந்தப் பெண்ணைத்தான் அவர் கட்டிக்கொண்டார். அத்தனை அவமானத்திலும் அவருக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

ஏழாம் வளைவு வந்தது. அமல்தாஸ் சிலுவை போட்டுக்கொண்டார். கியரைத் தணித்து, மூச்சைப் பிடித்து, மிதித்தார். வண்டி ஒரு முக்கல்கூட இல்லாமல், மளிகைக் கடைக்குப் போவது போல வளைவைத் தாண்டி மேலே போய் நின்றது.

நாற்பது வருஷம். அவர் மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தார். ஒருவரும் கை தட்டவில்லை. எல்லார் முகமும் தொங்கியிருந்தது.

“அவ்வளவுதானா?” என்றாள் ஒருத்தி.

“பிளாஸ்க் கொண்டாந்தேன்,” என்றாள் இன்னொருத்தி.

அமல்தாஸ் இறங்கிப் போய் டயரைப் பார்த்தார். அவ்வளவு ஆழமான பள்ளங்களில் மண்ணே ஒட்டியிருக்கவில்லை. வளைவுக்கு நடந்து போய்க் காலால் மிதித்துப் பார்த்தார். பாதை நனைந்திருந்தது. ஆனால் கெட்டியாக இருந்தது. பழைய டயரோடு வந்திருந்தாலும் தாண்டியிருக்கலாம்.

குழம்பிப்போய்த் திரும்பி வந்தார். “என்னக்கா இது? நாலு நாள் மழை பேஞ்சும் ஒரு பொட்டு சகதி இல்ல. அப்பல்லாம் ஒரு வாரம் வெயில் காஞ்சாலும் இந்த வளைவுல முழங்கால் சகதி நிக்குமே?”

“பூசைக்கு நேரமாச்சு, வண்டிய எடுங்க,” என்றாள் தெரசம்மாள், மலையைப் பார்த்துக்கொண்டு, வழக்கத்துக்கு மாறான அவசரத்தோடு.

காளியம்மா பிளாஸ்க் மூடியைத் திறந்து, ஆற அமர டீயை ஊற்றி அவரிடம் நீட்டினாள். “வெயில்ல சகதி தானா வருமா தம்பி? முந்துன நாள் சாயந்தரமே மம்பட்டியோட வந்து வாய்க்காத் தண்ணிய இந்த வளைவுல திருப்பி விட்டுட்டு, ‘அப்பத்தான்க்கா அந்த டிரைவரு நாளைக்கும் எறங்கி நின்னு டீ குடிப்பாரு’ன்னு சொல்லுவாளே ஒருத்தி, அவதான உன் முன் சீட்டுல உக்காந்திருக்கா.”